வெளிநாட்டு நேரடி முதலீட்டுக்குள் இருக்கும் கடன்: ஓர் எளிய விளக்கம்

மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைக்க இந்தியாவின் அதானி குழுமத்துக்கு இலங்கை முதலீட்டுச் சபை 2023 பெப்ரவரியில் அனுமதி வழங்கியபோது, 442 மில்லியன் அமெரிக்க டொலர் என்ற தொகை வன்னியில் பலரது வாயிலும் இருந்தது. மின்சாரத்தின் விலை குறித்த இழுபறிக்குப் பின்னர் 2025 பெப்ரவரியில் அந்தக் குழுமம் விலகிக்கொண்டபோதும் அதே தொகையே பேசப்பட்டது. வரவிருந்த பணம் கைநழுவிவிட்டதாகச் சிலர் வருந்தினர், நிலமும் கடலும் தப்பியதாகச் சிலர் ஆறுதலடைந்தனர். பறவைகளின் வலசைப் பாதை, மீனவரின் தொழில், காணி உரிமை ஆகியவை பற்றி எழுந்த வாதங்கள் முக்கியமானவை என்றாலும் அவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளவை. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கேள்வி வேறு. ஒரு வெளிநாட்டு முதலீட்டின் தொகையாக அறிவிக்கப்படுவதில் எவ்வளவு முதலீட்டாளரின் பங்கு, எவ்வளவு அவர் திருப்பிக் கேட்கப்போகும் கடன்? தொகையைக் கேட்டவுடன் மகிழ்கின்றவர்களும் சரி, அஞ்சுகின்றவர்களும் சரி, இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அது கேட்கப்படாதவரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

## எது இந்தக் கணக்கில் சேரும்

ஒரு நாட்டில் வதியும் நபரோ கம்பனியோ இன்னொரு நாட்டிலுள்ள கம்பனி ஒன்றில், அதன் நிர்வாகத்தில் செல்வாக்குச் செலுத்தும் அளவுக்கு, நீண்டகால நோக்கோடு முதலிடுவதே வெளிநாட்டு நேரடி முதலீடு. செல்வாக்கை நேராக அளக்க முடியாது என்பதால் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு முறை ஓர் எல்லையை வகுத்துள்ளது: வாக்குரிமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கையில் இருந்தால் அது நேரடி முதலீடு. அதற்குக் குறைவான பங்குகள் வேறு தலைப்பின் கீழ் பதியப்படும். இங்கு பார்க்கப்படுவது குடியுரிமை அல்ல, வதிவிடம். ரொறன்ரோவில் நிரந்தரமாக வாழும் கிளிநொச்சிக்காரர் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருந்தாலும் இந்தக் கணக்கில் வெளிநாட்டவரே.

நம் கண்முன் நிற்கும் பெரிய கட்டுமானங்களில் பல இந்தக் கணக்கில் சேருவதில்லை. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாற்று வலுவில் நிற்கும் தம்பபவனி அரசுக்குரிய இலங்கை மின்சார சபையால் அமைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கி வழங்கிய 200 மில்லியன் டொலர் கடனே அதன் பின்னால் உள்ளது. அது அரச துறை சுமக்கும் வெளிநாட்டுக் கடன், நேரடி முதலீடு அல்ல. கிளிநொச்சியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தரும் எம்.ஏ.எஸ். ஆடைத் தொழிற்சாலைகளும் உள்நாட்டுக் குழுமம் ஒன்றுக்கு உரியவை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பணமும் முதலீடு அல்ல. 2023 இல் வெளிநாடுகளில் உழைப்போர் இலங்கைக்கு அனுப்பிய தொகை ஏறத்தாழ 5.97 பில்லியன் டொலர். அது நேரடி முதலீட்டைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் யாருக்கும் எந்தக் கம்பனியிலும் உரிமை தராதது.

## பங்காளி, கடன் கொடுத்தவர், இருவரும் ஒருவரே

பரந்தனில் நெல் ஆலை நடத்தும் ஒருவருக்குக் கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு கோடி ரூபா அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவர் அறுபது இலட்சத்தை ஆலையின் பங்காகப் போடுகிறார். மீதி நாற்பது இலட்சத்தை, "இதை ஐந்து வருசத்துக்குள்ள வட்டியோட திருப்பித் தாங்கோ" என்று சொல்லிக் கொடுக்கிறார். ஊரில் பேசப்படுவதோ, மச்சான் ஒரு கோடி போட்டிருக்கிறார் என்பதே. அது பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல.

இரணைமடுவில் தண்ணீர் போதாமல் சிறுபோகம் சுருங்கி, ஆலைக்கு நெல் வராத ஓர் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அறுபது இலட்சத்துக்கு அந்த ஆண்டில் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இலாபம் இருந்தால்தான் பங்காளிக்குப் பங்கு. நட்டம் வந்தால் அவரது பங்கின் பெறுமதியும் சேர்ந்தே குறையும். நாற்பது இலட்சத்தின் நிலை வேறு: நெல் வந்ததோ இல்லையோ, வட்டியும் தவணையும் குறித்த நாளில் போய்ச் சேர வேண்டும். ஆலை மூடப்பட்டு இயந்திரங்கள் விற்கப்பட்டாலும் முதலில் கடனைத் தீர்த்த பின்னரே பங்காளிகளுக்கு மிச்சம் பிரிக்கப்படும். அதே வேளை மச்சான் வெறுமனே கடன் கொடுத்தவர் அல்ல. அவருக்கும் ஆலையில் உரிமை உண்டு என்பதால், கெட்ட ஆண்டில் தவணையைத் தள்ளிப்போடவோ, கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளவோ அவரால் முடியும். வட்டிக்குக் கொடுத்த அந்நியர் அப்படிச் செய்யமாட்டார். நேரடி முதலீட்டுக்குள் இருக்கும் கடன் என்பது இதுதான்: உரிமையாளரே தன் சொந்தக் கம்பனிக்குக் கொடுக்கும் கடன்.

சுருக்கமாக, ஒரே ஆளிடமிருந்து, ஒரே ஆலைக்கு, இரண்டு இயல்புகள் கொண்ட பணம் வந்திருக்கிறது. ஒன்றுக்குத் திரும்பும் திகதி இல்லை, மற்றதற்கு உண்டு.

## புள்ளிவிபரத்தின் மூன்று வரிகள்

ஒரு நாட்டுக்கும் ஏனைய உலகுக்கும் இடையில் ஓராண்டில் நடந்த கொடுக்கல் வாங்கல்கள் அனைத்தையும் பதியும் கணக்கு சென்மதி நிலுவை எனப்படும். இலங்கை மத்திய வங்கி வெளியிடும் அந்தக் கணக்கில் நேரடி முதலீடு மூன்று கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. முதலாவது பங்கு மூலதனம். வெளிநாட்டுத் தாய்க் கம்பனி, அதாவது உரிமையும் கட்டுப்பாடும் உடைய கம்பனி, இங்குள்ள துணைக் கம்பனியின் பங்குகளுக்காகச் செலுத்தும் பணம். இரண்டாவது மறுமுதலீட்டு வருவாய். துணைக் கம்பனி ஈட்டிய இலாபத்தில் தாய்க் கம்பனிக்கு உரியதாயிருந்தும் வெளியே அனுப்பப்படாமல் இங்கேயே வைக்கப்பட்ட பகுதி. மூன்றாவது உட்குழுமக் கடன். ஒரே குழுமத்தைச் சேர்ந்த கம்பனிகள் எல்லை கடந்து ஒன்றுக்கொன்று கொடுக்கும் கடன். மத்திய வங்கியின் அட்டவணையில் பங்குதாரர் முற்பணங்களும் கம்பனிகளுக்கிடையிலான கடன்களும் சேர்ந்து தனி வரியாக வருவது இதுவே.

இந்த மூன்றாவது வரிக்குள் எவை அடங்கும் என்பதில்தான் அதிகக் குழப்பம் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று வன்னியின் கரையில் 100 மில்லியன் டொலர் செலவில் ஒரு மின்திட்டத்தை அமைக்கிறது. தாய்க் கம்பனி 20 மில்லியனைப் பங்காகப் போடுகிறது, 30 மில்லியனைக் கடனாகக் கொடுக்கிறது, எஞ்சிய 50 மில்லியனைத் துணைக் கம்பனி வெளிநாட்டு வங்கி ஒன்றிடம் கடன் வாங்குகிறது. திறப்பு விழாவில் சொல்லப்படும் தொகை 100 மில்லியனாக இருக்கும். சென்மதி நிலுவைக் கணக்கில் நேரடி முதலீடாகப் பதியப்படுவது 50 மில்லியன் மட்டுமே, ஏனென்றால் வங்கிக்கு அந்தக் கம்பனியில் உரிமை இல்லை. வங்கியின் 50 மில்லியன் வேறு தலைப்பில் சேரும். திரும்பிப் போகும் திகதி இல்லாத பணத்தை மட்டும் எண்ணினால் மிஞ்சுவது 20 மில்லியன். ஒரே திட்டத்துக்கு 100, 50, 20 என மூன்று எண்கள், மூன்றும் சரியான எண்கள். எந்தக் கேள்விக்கு எது பதில் என்பதைச் சொல்லாமல் ஒன்றை மட்டும் மேடையில் ஏற்றும்போதுதான் பிழை நேர்கிறது.

இது கற்பனையோடு நிற்பதில்லை. 2018 ஆம் ஆண்டுக்கு இலங்கையில் பெருமையோடு அறிவிக்கப்பட்ட நேரடி முதலீட்டுத் தொகை ஏறத்தாழ 2.37 பில்லியன் டொலர். முதலீட்டுச் சபையில் பதிவான கம்பனிகள் பெற்ற வெளிநாட்டுக் கடன்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. சென்மதி நிலுவைக் கணக்கில் அதே ஆண்டுக்கான தொகை ஏறத்தாழ 1.6 பில்லியன். இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கால் பில்லியன் டொலர் மறைக்கப்பட்டதும் அல்ல, கற்பிக்கப்பட்டதும் அல்ல. அது கடன், அவ்வளவே. அந்த ஆண்டின் தொகைக்குள் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்காக 2017 இல் செய்யப்பட்ட 1.12 பில்லியன் டொலர் உடன்பாட்டின் கடைசித் தவணையும் இருந்தது என்பதால், அதை ஒரு வழமையான ஆண்டாகக் கொண்டு அடுத்த ஆண்டுகளை அளப்பதும் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

## டொலர் வராமலே கூடும் எண்

உட்குழுமக் கடன் என்றதும் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படும் பணம் மட்டுமே நினைவுக்கு வரும். கணக்கு முறை அதைவிட அகலமானது. வெளிநாட்டுத் தாய்க் கம்பனியின் கீழ் இயங்கும் ஆடைத் தொழிற்சாலை ஒன்று, அதே குழுமத்தின் இன்னொரு கம்பனியிடமிருந்து துணியும் நூலும் கடனுக்கு வாங்குகிறது. பணம் செலுத்த ஆறு மாத அவகாசம். அந்தச் செலுத்தப்படாத பட்டியல் தொகையும் உட்குழுமக் கடனே, ஆகவே நேரடி முதலீடே. ஒரு டொலர்கூட நாட்டுக்குள் வராமல் அந்தக் காலாண்டின் நேரடி முதலீடு உயர்கிறது. பட்டியல் தீர்க்கப்படும் காலாண்டில் அதே அளவு இறங்குகிறது. அங்கு புதிய கட்டடம் எழவில்லை, புதிய ஆள் சேர்க்கப்படவில்லை, தையல் இயந்திரம் ஒன்றும் கூடவில்லை.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. தாய்க் கம்பனி முன்பு கொடுத்த 30 மில்லியன் கடனை இந்த ஆண்டு பங்காக மாற்றுகிறது என்று கொள்வோம். கடன் வரியில் 30 குறைகிறது, பங்கு வரியில் 30 கூடுகிறது, மொத்தம் அசைவதில்லை. பங்கு வரியை மட்டும் எடுத்துச் செய்தியாக்கினால் பெரிய முதலீடு வந்ததைப் போலத் தோன்றும். துணைக் கம்பனிக்கு இது நல்ல செய்திதான், ஏனென்றால் திருப்பிக் கொடுக்க வேண்டிய சுமை நீங்குகிறது. ஆனால் புதிய பணம் இல்லை.

மூன்றாவதாக, கடன் எதிர்த் திசையிலும் ஓடும். கையில் மிகுதிப் பணம் உள்ள துணைக் கம்பனி தாய்க் கம்பனிக்குக் கடன் கொடுக்கலாம். முதலீட்டின் திசையைப் பார்த்துத் தொகுக்கும் முறையில் அது நாட்டுக்குள் வந்த முதலீட்டிலிருந்து கழிக்கப்படும். இந்த வரி பூச்சியத்துக்குக் கீழே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## சொந்தக் கம்பனிக்கு ஏன் கடன் கொடுக்க வேண்டும்

முதற்காரணம் வரி. இலங்கையில் கம்பனிகளுக்கான பொது வருமான வரி வீதம் 30 சதவீதம். வட்டி செலுத்துமுன் 100 மில்லியன் ரூபா இலாபம் ஈட்டும் துணைக் கம்பனியின் மூலதனம் முழுவதும் பங்காக இருந்தால் அது 30 மில்லியனை வரியாகச் செலுத்தும். அதே கம்பனி தாய்க் கம்பனிக்கு 60 மில்லியன் வட்டி கொடுக்க வேண்டியிருந்தால், வட்டி ஒரு செலவாகக் கழிக்கப்பட்டு, 40 மில்லியனுக்கே வரி கணிக்கப்படும். அரசுக்குக் கிடைப்பது 12 மில்லியன். இரண்டிலும் பணத்தைப் பெறுபவர் ஒரே தாய்க் கம்பனிதான். வட்டிக்கு வெளிநாட்டில் குறைந்த வரி இருந்தால் குழுமத்தின் ஆதாயம் மேலும் கூடும். இதைக் கட்டுப்படுத்தவே வட்டிக் கழிவுக்குப் பல நாடுகள் வரம்பு விதித்துள்ளன. இலங்கையின் 2017 ஆம் ஆண்டு உண்ணாட்டு இறைவரிச் சட்டத்திலும் அத்தகைய வரம்பு உண்டு.

ஆனாலும் உட்குழுமக் கடன் அனைத்தும் வரி ஏய்ப்பு என்று எண்ணுவது நியாயமல்ல. பங்காகப் போட்ட மூலதனத்தைத் திருப்பி எடுப்பது சட்ட நடைமுறைகள் நிறைந்த நீண்ட வேலை. கடனாகக் கொடுத்ததைத் தவணையில் பெற்றுக்கொள்ளலாம். காற்றாலையோ தொழிற்சாலையோ தொடங்கி முதல் ஆண்டுகளில் பங்கிலாபம் தரும் நிலையில் இருக்காது. அந்த இடைவெளியில் வங்கியின் கண்டிப்பைவிடத் தாய்க் கம்பனியின் பொறுமை துணைக் கம்பனிக்கு உதவக்கூடியது. எங்களைப் போன்ற, போரால் சிதைந்து உள்ளூர் வங்கிக் கடனுக்கு ஈடு வைக்க அதிகம் இல்லாத பிரதேசத்தில் தொழில் தொடங்க வருபவருக்கு இந்த வழி தேவைப்படலாம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேள்வி விகிதத்தைப் பற்றியது: பங்கு மிகக் குறைவாகவும் கடன் மிக அதிகமாகவும் இருந்தால், நட்டத்தின் பெரும்பகுதியை உரிமையாளர் அல்லாத யாரோ தாங்க வேண்டிவரும். சம்பளம் நிலுவையான தொழிலாளியும், கடனுக்குப் பொருள் கொடுத்த உள்ளூர்க் கடைக்காரரும் அந்த வரிசையில் நிற்பார்கள்.

இதுவரை பார்த்தவற்றில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. உட்குழுமக் கடன் நேரடி முதலீட்டின் முறையான பகுதி. ஆனால் அது கூடுவதும் குறைவதும் நாட்டின் மீதான நம்பிக்கையைவிடக் குழுமத்தின் பண முகாமைத்துவத்தையும் வரித் திட்டத்தையும் அதிகம் காட்டக்கூடும்.

## குறிகாட்டியாக இது எதைச் சொல்கிறது

குறிகாட்டி என்பது நேரில் பார்க்க முடியாத ஒன்றின் போக்கை ஊகிக்க உதவும் எண். நேரடி முதலீடு பொதுவாக நம்பிக்கையின் குறிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது, ஏனென்றால் பங்குச் சந்தைப் பணத்தைப் போல ஒரு காலையில் வெளியேற அதனால் முடியாது. தொழிற்சாலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது என்பது உண்மை. தொழிற்சாலைக்குக் கொடுத்த கடனை மீட்க முடியும் என்பதும் உண்மை.

இந்தோனேசியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டியது. 1997 இல் ஆசிய நிதி நெருக்கடி தாக்கிய பின்னர், 1998 தொடக்கம் சில ஆண்டுகளுக்கு அந்நாட்டின் நிகர நேரடி முதலீடு எதிர்மறையாக இருந்தது. ஆலைகள் பிடுங்கப்பட்டுக் கப்பலேறியதால் அல்ல. துணைக் கம்பனிகள் தாய்க் கம்பனிகளிடம் பெற்ற கடன்களைத் திருப்பிச் செலுத்தியது அதில் முக்கிய பங்கு வகித்தது. நெருக்கடியின்போது உறுதியாக நிற்கும் என்று நம்பப்பட்ட வகைப் பணத்துக்குள்ளேயே நகரக்கூடிய ஒரு பகுதி இருந்தது.

பிரேசில் வேறொரு பாடத்தைத் தந்தது. குறுகிய நோக்கில் உள்ளே பாயும் பணத்தைத் தடுக்க அந்நாடு 2009 ஒக்டோபரில் பங்குகளும் கடன் பத்திரங்களும் வாங்க வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு 2 சதவீத வரி விதித்தது. 2010 ஒக்டோபரில் கடன் பத்திரங்களுக்கு அதை 6 சதவீதமாக உயர்த்தியது. அந்த ஆண்டுகளில் உட்குழுமக் கடன்கள் பெருகின. பிரேசில் கம்பனிகளின் வெளிநாட்டுத் துணைக் கம்பனிகள் சர்வதேசச் சந்தையில் கடன் பத்திரம் விற்றுத் திரட்டிய பணம் உட்குழுமக் கடனாக உள்ளே வந்தபோது, கடன் பத்திரங்களில் வந்திருக்கக்கூடிய பணம் நேரடி முதலீட்டின் பெயரை எடுத்துக்கொண்டது. எனவே உட்குழுமக் கடன் திடீரென உயரும்போது, வரி விதிகளிலோ நாணயக் கட்டுப்பாடுகளிலோ அண்மையில் ஏதாவது மாறியதா என்று பார்ப்பது ஆய்வாளர்களின் முதல் வேலை.

எதிர்மறையாகத் தோன்றும் ஆண்டை வைத்தும் அவசரப்படக் கூடாது. முன்பு சொன்ன கற்பனைத் திட்டத்தில் தாய்க் கம்பனியின் 30 மில்லியன் மூன்று ஆண்டுகளில் தீர்க்கப்படுமானால், ஒவ்வோர் ஆண்டும் உட்குழுமக் கடன் கணக்கில் 10 மில்லியன் கழிக்கப்படும். காற்றாலைகளோ முன்னைப் போலச் சுழன்றுகொண்டிருக்கும். திட்டம் நன்றாக உழைப்பதால்தான் கடன் குறித்த காலத்தில் தீர்கிறது. ஒரே ஆண்டின் எண் நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்பதை அந்த எண் தனியாகச் சொல்லாது. நான்கைந்து ஆண்டுகளின் போக்கை, பங்கு மூலதனத்தின் எண்ணோடு பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இலங்கையர் தெரிந்துகொள்ள வேண்டும். உட்குழுமக் கடன் இரண்டு அட்டவணைகளில் தோன்றும்: நேரடி முதலீட்டில் ஒரு கூறாகவும், நாட்டின் மொத்த வெளிநாட்டுக் கடனில் ஒரு கூறாகவும். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது அரசின் கடனைப் பற்றியது, இந்தத் தனியார் கடனைப் பற்றியது அல்ல. ஆனாலும் வட்டியும் தவணையும் டொலரிலேயே வெளியேறுகின்றன. டொலர் தட்டுப்பாடான காலத்தில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் தேடும் அதே வங்கிகளின் கதவையே அவையும் தட்டுகின்றன.

## வன்னியிலிருந்து இந்த எண்ணைப் படிப்பது

மத்திய வங்கி தரும் பிரிப்பு நாடு முழுவதற்கும் உரியது. மன்னாருக்கோ முல்லைத்தீவுக்கோ தனியாக எழுதப்படும் சென்மதி நிலுவை இல்லை. ஆகவே நம் பிரதேசத்தைப் பொறுத்தவரை திட்டம் திட்டமாகக் கேட்பதே வழி. ஒரு நிறுவனம் காணிக்காகவோ கரைக்காகவோ பிரதேச செயலகத்தில் மக்களைச் சந்திக்க வரும்போது, வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்பதைப் போலவே மூலதனத்தைப் பற்றியும் கேட்கலாம்: அறிவித்த தொகையில் பங்கு எவ்வளவு, தாய்க் கம்பனியின் கடன் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, அந்தக் கடன்கள் எத்தனை ஆண்டுகளில் தீரும்? காணிக் குத்தகை முப்பது ஆண்டுகளுக்கும் தாய்க் கம்பனியின் கடன் ஏழு ஆண்டுகளுக்கும் இருந்தால், எட்டாம் ஆண்டிலிருந்து முதலீட்டாளர் இங்கு பணயம் வைத்திருப்பது அவரது பங்கும் இங்கே விட்டுவைத்த இலாபமும் மட்டுமே என்பது அந்தக் கேள்வியிலிருந்து தெரியவரும்.

அனுமதி கிடைத்ததற்கும் பணம் வந்ததற்கும் உள்ள தூரத்தையும் மறக்கக் கூடாது. முதலீட்டுச் சபையின் அனுமதித் தொகை ஓர் எண்ணத்தின் அளவு. சென்மதி நிலுவையில் பதிவது உண்மையில் நடந்த கொடுக்கல் வாங்கல். 442 மில்லியன் டொலர் முதல் வகையைச் சேர்ந்த எண்ணாகவே இருந்து முடிந்தது. இரண்டாம் வகை எண்களும் முதலில் வெளியிடப்படும்போது தற்காலிகமானவை. கம்பனிகளின் கணக்குகள் வந்துசேர்ந்த பின்னர் திருத்தப்படுபவை என்பதால், ஒரு காலாண்டின் தொகையை மேற்கோள் காட்டுமுன் அதன் அருகில் தற்காலிகம் என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.